மூளை இரத்தக்கசிவுக்குப் பின் கண்ணைப் படுக்கையிலேயே சோதிக்க எந்தக் கருவி, எந்த நாளில்?

மூளையில் இரத்தக்குழாய் வெடித்து ஐசியு-வில் கிடப்பவரிடம் "கண் தெரிகிறதா?" என்று யாரும் கேட்பதில்லை. வாயில் குழாய், நரம்பில் மயக்க மருந்து, மண்டையில் வடிகால். கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது. மூன்று வாரம் கழித்து விழித்து உட்காரும்போது நீட்டிய டம்ளரை வாங்கத் தெரியாமல் தடவுகிறார், ஆளை அடையாளம் தெரியாமல் விழிக்கிறார். மூளை அடிபட்டதால் இப்படி என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். சிலருக்கு அது உண்மைதான். வேறு சிலருக்குக் குறை கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. விழித்திரையின் முன்னே, ஜெல்லி போன்ற விட்ரியஸில் இரத்தம் நிறைந்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருக்கும். அதை அகற்றினால் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும்.

இதற்கு டெர்சன் நோய்க்குறி என்று பெயர். மூளை உறைக்கு அடியில் இரத்தம் கசிந்தவர்களின் கண்ணுக்குள்ளும் இரத்தம் இருப்பதை ஜெர்மானிய மருத்துவர் மோரிட்ஸ் லிட்டன் 1881-இல் எழுதினார். பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஆல்பெர் டெர்சன் 1900-இல் விட்ரியஸ் கசிவை விவரித்தார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. மூளைக்குள் அழுத்தம் திடீரென எகிறும்போது அது பார்வை நரம்பைச் சுற்றியுள்ள உறை வழியாகக் கண்ணின் பின்பக்கம் வரை வந்து, விழித்திரைச் சிரைகளின் இரத்தம் வெளியேற விடாமல் நெரிக்கிறது. நுண்குழாய்கள் அங்கே வெடிக்கின்றன என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். தலையில் அடிபட்டவர்களுக்கும், மூளைத் திசுவுக்குள் இரத்தம் கசிந்தவர்களுக்கும் இது வரலாம். ஆனால் அனியூரிசம், அதாவது மூளை இரத்தக்குழாயின் சுவரில் பலூன் போல உப்பிய இடம், வெடித்த நோயாளிகளில்தான் அதிகம் காண்கிறோம்.

2004-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் இரண்டு எண்கள் அருகருகே இருக்கின்றன. நோயாளிகளைச் சேர்த்ததும் கண்ணைத் தேடிப் பார்த்த ஆய்வுகளில் 13% பேருக்கு டெர்சன் இருந்தது. பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி எண்ணிய ஆய்வுகளில் 3% தான். நோய் ஒன்றுதான், தேடியதற்கும் தேடாததற்கும் உள்ள வித்தியாசம் அது. அதே தொகுப்பில், டெர்சன் இருந்தவர்களில் 43% பேரும் இல்லாதவர்களில் 9% பேரும் இறந்திருந்தார்கள். கண்ணில் இரத்தம் இருந்தால் மூளையில் அடி பலமாக விழுந்திருக்கிறது என்று பொருள். ஆகவே கண் சோதனை பார்வைக்காக மட்டும் அல்ல, நோயாளியின் நிலையை எடைபோடவும் உதவுகிறது.

எந்தக் கருவியால் பார்ப்பது என்பதில்தான் ஒவ்வொரு நியூரோ ஐசியு-வும் தடுமாறுகிறது. கண் மருத்துவமனையில் சிறந்த கருவி இங்கேயும் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. இங்கே நோயாளி எழுந்து உட்கார மாட்டார், "மேலே பாருங்கள்" என்றால் பார்க்க மாட்டார். நர்ஸ் மணிக்கொரு முறை டார்ச் அடித்துக் கண் பாவையின் அளவைக் குறிக்கிறார், அதைக் கெடுக்கக் கூடாது. மூளை வடிகால் காது மட்டத்துக்குச் சரிசெய்து தொங்கவிடப்பட்டிருக்கும். யாராவது கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கினால் வடியும் அளவே மாறிவிடும். இவ்வளவுக்கும் நடுவில் வேலை செய்யக்கூடிய கருவியே நமக்கு வேண்டியது.

முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். டாக்டர் பையில் இருக்கும் சாதாரண டைரக்ட் ஆஃப்தல்மோஸ்கோப்பை நம்பி டெர்சன் தேடக் கூடாது. அதில் ஒரே பார்வையில் தெரிவது சுமார் 5 டிகிரி. சாவித்துளை வழியாக அறையைத் தேடுவது போல. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 350 பேரிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. மருத்துவர்கள் இந்தக் கருவியை எடுத்தது 14% பேருக்கு மட்டுமே. கண் கேமரா கண்டுபிடித்த முக்கியக் குறைகளில் ஒன்றைக்கூட அவர்கள் அதில் காணவில்லை. அவர்கள் திறமையற்றவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. விரிக்காத பாவை வழியே, அவசரத்தில், அந்தக் கருவியால் முடிவது அவ்வளவுதான்.

மீதி இருப்பவை ஐந்து: அல்ட்ராசவுண்ட், கையடக்கக் கண் கேமரா, கண் மருத்துவர் தலையில் மாட்டிப் பார்க்கும் இண்டைரக்ட், விழித்திரையை ஒளியால் ஸ்கேன் செய்யும் ஓசிடி, ஏற்கெனவே எடுத்த சிடி ஸ்கேன்.

அல்ட்ராசவுண்ட்: பாவையை விரிக்காமல் இன்றே பார்க்கலாம்

நெஞ்சுக்கும் சிரைக்கும் ஸ்கேன் பார்க்க ஐசியு-வில் மெஷின் ஏற்கெனவே இருக்கும். கழுத்துச் சிரையில் ஊசி போடப் பயன்படும் அதே நீள்தலை ப்ரோப், 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை எடுப்பது, கண்ணுக்கும் போதும். கண் மருத்துவர்களின் தனி பி-ஸ்கேன் 10 மெகாஹெர்ட்ஸ் அளவில் வேலை செய்கிறது. சொட்டு வேண்டாம், பாவை எவ்வளவு சுருங்கியிருந்தாலும் கவலை இல்லை. விட்ரியஸ் முழுக்க இரத்தம் நின்று வேறெதிலும் ஒன்றும் தெரியாதபோது ஸ்கேன் மட்டுமே உள்ளே காட்டும். அதனால்தான் முதல் கருவியாக இதையே சொல்கிறோம்.

எப்படிச் செய்வது? முகத்தில் அடிபட்டவராக இருந்தால் கண் கிழிந்திருக்க வாய்ப்பு உண்டா என்று முதலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ப்ரோப்பை வைக்காதீர்கள். கட்டிலின் தலைப்பக்கம் 30 டிகிரி உயர்ந்திருந்தால் அப்படியே இருக்கட்டும். இமையை மூடி, ட்ரிப் ஒட்டும் ஒளிபுகும் பிளாஸ்டரை மேலே ஒட்டி, அதற்கு மேல் ஸ்டெரைல் ஜெல்லைத் தாராளமாக, சில மி.மீ. கனத்துக்கு வையுங்கள். ப்ரோப் ஜெல்லில் மிதக்க வேண்டும், இமையில் அழுந்தக் கூடாது. அழுத்தினால் இதயத் துடிப்பு சட்டென்று இறங்கலாம். கண்ணுக்கும் இதயத்துக்கும் உள்ள நரம்புத் தொடர்பு அப்படிப்பட்டது. சுண்டுவிரலையும் மோதிர விரலையும் கன்னத்திலோ மூக்கிலோ ஊன்றி, உங்கள் பார்வையை இதயத் துடிப்பு மானிட்டரில் வையுங்கள். மண்டையோட்டுத் துண்டை எடுத்திருந்தால் அந்தப் பக்க நெற்றியில் கையை ஊன்றவே கூடாது.

மெஷினில் கண்ணுக்கான அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒலித்திறனைக் கையால் இறக்குங்கள். கண்ணுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வகுத்த உச்சவரம்பு: மெக்கானிக்கல் இண்டெக்ஸ் (ஒலி அழுத்தத்தின் அளவு) 0.23, தெர்மல் இண்டெக்ஸ் (சூட்டின் அளவு) 1. இரண்டும் திரையிலேயே தெரியும். கழுத்துக்கும் வயிற்றுக்கும் உள்ள அமைப்பு இதைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரைத் தேவையில்லாமல் போடாதீர்கள். ஆழம் 4 செ.மீ. போதும், கண் உருண்டை சுமார் 24 மி.மீ., அதற்குப் பின்னால் பார்வை நரம்பு தெரிந்தால் சரி.

அடுத்தது கெயின், அதாவது திரும்பி வரும் ஒலியைத் திரையில் எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்ற அளவு. இங்கேதான் அதிகம் தவறுகிறது. புதிதாகக் கசிந்த இரத்தம் ஒலியை மிக மெல்லத்தான் திருப்பி அனுப்பும். படம் அழகாக, விட்ரியஸ் கன்னங்கரேலென்று இருக்கும்படி வைத்துப் பார்த்தால் "கண் சுத்தம்" என்று தோன்றும். அதே கண்ணில் கெயினை ஏற்றினால் பொடிப்பொடியாகப் புள்ளிகள் மேலெழும். ஆகவே இரண்டு முறை பாருங்கள்: சாதாரண அளவில் ஒரு முறை, பின்னணியில் லேசாகப் பனி படரும் வரை ஏற்றி மறுமுறை. இரண்டு கண்ணையும் ஒரே அளவில் ஒப்பிட வேண்டும். ப்ரோப்பைக் கிடையாக வைத்து மேலிருந்து கீழாகவும், நெட்டாக வைத்து மூக்கிலிருந்து காதுப் பக்கமாகவும் மெல்லச் சாய்த்துத் தேடுங்கள். படமாக எடுக்காமல் சில விநாடி வீடியோவாகச் சேமியுங்கள். புள்ளிகள் நகர்வதைப் பார்த்துத்தான் கண் டாக்டர் சொல்ல முடியும்.

திரையில் என்ன தெரியும்? விட்ரியஸ் முழுக்க மிதக்கும் புள்ளிகள் என்றால் பரவிய இரத்தம். விழித்திரையின் நடுப்பகுதிக்கு முன்னால் குமிழ் போல மேடு தெரிந்தால் அங்கே இரத்தம் தேங்கிச் சவ்வைத் தூக்கியிருக்கிறது. கனமான, பளிச்சென்ற சவ்வு பார்வை நரம்பின் தலையில் போய் ஒட்டியிருந்தால் விழித்திரை பிரிந்திருக்கலாம், அன்றே கண் டாக்டரை அழைக்க வேண்டும். பார்வை நரம்பின் உறையையும் இதே கையோடு அளக்கலாம்: கண்ணுக்கு 3 மி.மீ. பின்னால், குறுக்காக. 5 முதல் 6 மி.மீ.க்கு மேல் போனால் மூளை அழுத்தம் கூடியிருக்கலாம் என்பது பொதுவான எல்லை. ஒற்றை அளவை நம்பாமல் ஒரே ஆள், ஒரே முறையில் எடுத்த அளவுகளின் போக்கைப் பாருங்கள்.

ஏமாற்றும் படங்கள் சில உண்டு. வயதானவர்களின் விட்ரியஸில் இயல்பாகவே சில நூலும் புள்ளியும் இருக்கும். ஜெல்லி விழித்திரையிலிருந்து பிரிந்த மெல்லிய கோடும் தெரியும். அஸ்டிராய்டு ஹையலோசிஸ் என்ற தீங்கில்லாத நிலையில் சுண்ணாம்புத் துகள்கள் மிகப் பளிச்சென்று மின்னும், ஆனால் விழித்திரைக்கு முன்னால் ஒரு வெற்று இடைவெளி விட்டிருக்கும். முன்பு சிலிகான் எண்ணெய் வைத்த கண் வழக்கத்தைவிட நீண்டு தெரியும், ஏனென்றால் எண்ணெயில் ஒலி மெதுவாகப் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக நம் ஊரில் சர்க்கரை நோயாளிகள் அதிகம். பழைய சர்க்கரைக் கண் கசிவை நேற்று வந்ததாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. கண்ணில் லேசர் வைத்தார்களா, ஊசி போட்டார்களா, ஆபரேஷன் ஆனதா என்று வீட்டாரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அல்ட்ராசவுண்டின் பெரிய குறை: விழித்திரையோடு ஒட்டித் தட்டையாகக் கிடக்கும் சின்னக் கசிவுகளை அது காட்டாது. அவற்றில் பெரும்பாலானவை தானே கரைந்துவிடுகின்றன. ஆனால் நடுப்பார்வைப் புள்ளியில் விழுந்த ஒரு சிறு கசிவுகூடப் பார்வையைக் குலைக்கும். அல்ட்ராசவுண்டில் கண் சுத்தம் என்பதை மட்டும் வைத்து அமைதியடையக் கூடாது.

இந்தியாவில் ஒரு சட்ட விஷயமும் உண்டு. பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஸ்கேன் மெஷின்கள் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பக்கத்து மருத்துவமனையிடம் ஒரு நாளைக்கு மெஷினைக் கடன் வாங்கலாம் என்ற யோசனையை விட்டுவிட்டு, சொந்த மெஷினுக்கே கண் அமைப்பைக் கம்பெனியிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையடக்கக் கேமரா: பாவை ஒத்துழைத்தால் தங்கம்

விழித்திரையை நேரில் படமெடுக்கும் கையடக்க ஃபண்டஸ் கேமராக்கள் இப்போது ஒரு பெரிய டார்ச் அளவுக்கு வந்துவிட்டன. பெங்களூரு ரெமிடியோ நிறுவனம் ஸ்மார்ட்ஃபோனோடு இணைத்துத் தயாரிக்கிறது, பின்லாந்தின் ஆப்டோமெட் தனிக் கேமராவாகவே விற்கிறது. ஒரு படத்தில் 40 முதல் 50 டிகிரி தெரியும். டைரக்ட் கருவியின் 5 டிகிரியோடு ஒப்பிட்டால் அது பெரிய சன்னல். நர்ஸோ டெக்னீஷியனோ எடுக்கலாம், நிபுணர் வேறொரு ஊரில் இருந்தபடி பார்க்கலாம். இதுவே இதன் உண்மையான பலம். சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள்: அரசுக் கண் மருத்துவமனை எழும்பூரில், ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை பூங்கா நகரில். பல ஊர்களில் கண்ணுக்கும் மூளைக்கும் இப்படித் தனித்தனிக் கட்டடம்தான். வென்டிலேட்டரோடு நோயாளியை ஏற்றிக்கொண்டு போவதைவிடப் படத்தை அனுப்புவது எவ்வளவோ மேல்.

பார்வை நரம்பின் தலை வீங்கியிருப்பதையும், அல்ட்ராசவுண்ட் விட்டுவிடும் தட்டைக் கசிவுகளையும் இது காட்டும். சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரமாகக் கேஸ் ஷீட்டில் நிற்கும், அடுத்த வாரப் படத்தோடு ஒப்பிடவும் உதவும்.

கெடுக்கும் விஷயங்களும் அதே அளவுக்கு உண்டு. விரிக்காமல் எடுக்கப் பொதுவாக 3 முதல் 4 மி.மீ. பாவை வேண்டும். ஐசியு நோயாளிக்கு ஃபென்டனில் என்ற வலி மருந்து ஓடிக்கொண்டிருந்தால் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். படத்தில் பாதி பிறை வடிவில் கறுத்துப்போகும். ஃபிளாஷ் ஒருமுறை அடித்தால் இரண்டு கண் பாவையும் சேர்ந்து சுருங்கும். அதனால் விளக்கை அணைத்து, திரையை இழுத்து, சற்றுக் காத்திருந்து முதல் கண்ணை எடுங்கள்; பிறகு 2-3 நிமிடம் விட்டு அடுத்த கண்ணுக்குப் போங்கள். மானிட்டர் வெளிச்சம் முகத்தில் விழுகிறதென்றால் அதையும் திருப்பி வையுங்கள்.

இமை சரியாக மூடாமல் வாரக்கணக்கில் கிடந்தவரின் கருவிழி உலர்ந்து மங்கியிருக்கும். படம் பனிமூட்டமாக வந்தால் விட்ரியஸில் இரத்தம் என்று எழுதிவிடாதீர்கள். செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விட்டு, இமையைச் சில முறை மூடித் திறந்து, மறுபடி எடுங்கள். களிம்பு போட்டிருந்தால் துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மயக்கத்தில் கண் மேலே உருண்டிருந்தால் ஆளை மாற்றி மாற்றி முயன்று பயனில்லை, சற்று நேரம் விட்டு வாருங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு படம் வேண்டும்: பார்வை நரம்பை நடுவில் வைத்து ஒன்று, அதற்குக் காதுப் பக்கமாக உள்ள நடுப்பார்வைப் பகுதியை நடுவில் வைத்து ஒன்று. அனுப்பும்போது பெயரை நீக்கி ஆஸ்பத்திரி எண்ணை மட்டும் போடுங்கள். படம் எடுக்க முடியாமல் போனால் "எடுக்க முடியவில்லை, காரணம் பாவை 2 மி.மீ." என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்த ஷிஃப்ட் அதை "நார்மல்" என்று படித்துக்கொள்ளும்.

விட்ரியஸ் முழுக்க இரத்தம் நிற்கும் கண்ணில் கேமரா சிவந்த மங்கலை மட்டுமே காட்டும். மோசமான டெர்சனைத்தான் கேமராவால் விவரிக்க முடியாது. இதனால்தான் ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்ற நிலையில் கேமராவை முதலிடத்தில் வைப்பதில்லை.

கண் மருத்துவரின் இண்டைரக்ட்: முடிவைச் சொல்வது இதுவே

தலையில் விளக்கை மாட்டி, கையில் 20டி லென்ஸைப் பிடித்துப் பார்ப்பது. ஒரு நிலையில் சுமார் 46 டிகிரி தெரியும், லென்ஸை நகர்த்தினால் விளிம்பு வரை போகலாம். கேமராவின் சட்டத்துக்கு வெளியே இருக்கும் கிழிசலையும் பிரிதலையும் கண்டுபிடிக்கும். ஒப்பிடுவதற்கான அளவுகோலே இதுதான். அப்படியிருக்க ஏன் முதலிடம் கொடுக்கவில்லை? பாவையை விரிக்க வேண்டும் என்ற ஒரே காரணம்.

அனியூரிசம் இன்னும் அடைக்கப்படாத நோயாளியின் பாவை திடீரென விரிந்தால், மூன்றாம் மூளை நரம்பு அழுந்துகிறது, உடனே சிடி என்று ஓடுவார்கள். சொட்டு போட்டு விரித்துவிட்டால் அந்த எச்சரிக்கை மணியை நாமே கழற்றிவிட்டோம். பாவை அளக்கும் தானியங்கிக் கருவி இருந்தாலும் இதே கதிதான். எனவே அனியூரிசத்தை கிளிப் போட்டோ காயில் வைத்தோ பத்திரமாக்கிய பிறகு, நோயாளி நிலையாக இருக்கும்போதுதான் விரிக்க வேண்டும், அதுவும் நியூரோ டீமிடம் சொல்லிவிட்டு.

எந்தச் சொட்டு என்பது முக்கியம். ட்ரோபிகமைட் தனியாகப் போதும். 20-30 நிமிடத்தில் விரியும், பெரும்பாலும் 4 முதல் 8 மணி நேரத்தில் அடங்கும். நம் கடைகளில் அதிகம் கிடைப்பது ட்ரோபிகமைட் 0.8% உடன் ஃபினைல்எஃப்ரின் 5% கலந்த சொட்டு. இரத்த அழுத்தத்தை மில்லிமீட்டர் கணக்கில் காத்துக்கொண்டிருக்கும் நோயாளிக்கு, அதை ஏற்றிவிடக்கூடிய அந்த ஃபினைல்எஃப்ரின் வேண்டாம். சைக்ளோபென்டோலேட் ஒரு நாள் வரை விரித்து வைக்கும். அட்ரோபின் ஒன்றிரண்டு வாரம். அட்ரோபின் குப்பி நியூரோ ஐசியு கண் தட்டிலேயே இருக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. நர்ஸ் பாவை பார்த்து எழுதி முடித்த உடனே சொட்டு விடுங்கள். எந்தக் கண், எந்த மருந்து, எத்தனை மணி என்று சார்ட்டிலும் கட்டில் தலைமாட்டிலும் ஒட்டுங்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்துக்குச் சற்று முன் சொட்டு போடுவதுதான் இதில் நடக்கும் மிக மோசமான தவறு. வந்த நர்ஸுக்குத் தெரியாது, இரவு 2 மணிக்கு நோயாளி சிடி அறைக்குப் போகிறார்.

ஓசிடி, சிடி: இவை எப்போது

ஓசிடி விழித்திரையை மைக்ரான் கணக்கில் அடுக்கடுக்காக வெட்டிக் காட்டும். குறைமாதக் குழந்தைகளின் கண்ணுக்காக அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு கையடக்க ஓசிடியைப் பயன்படுத்தி வந்திருக்கிறது. படுத்திருப்பவருக்கு மேல் கொண்டுபோகக்கூடிய கைத்தாங்கியில் ஹைடெல்பர்கின் ஓசிடியும் உண்டு. நடுப்பார்வைக்கு முன்னால் நிற்கும் இரத்தம் எந்தச் சவ்வுக்கு அடியில் இருக்கிறது, அங்கே ஓட்டை விழுந்திருக்கிறதா, சவ்வு சுருங்கி விழித்திரையை இழுக்கிறதா என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. ஆனால் விலை பல பத்து லட்சங்களில். அடர்ந்த இரத்தத்தின் வழியே இதனாலும் பார்க்க முடியாது. நோயாளி கண்ணை அசையாமல் வைக்க வேண்டும். முதல் வாரத் தேடலுக்கு இது வேண்டாம். விழித்த பிறகு, ஆபரேஷன் செய்வதா என்று யோசிக்கும்போது கண் மருத்துவமனையில் எடுத்துக்கொள்ளலாம்.

சிடி ஸ்கேனை இன்னொரு கருவி என்றே சொல்ல வேண்டாம், அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. கண்ணின் பின்சுவரில் வெள்ளையாகப் பிறை போலவோ சிறு முடிச்சு போலவோ தெரிந்தால் அது டெர்சனின் அடையாளம். ரேடியாலஜிஸ்ட் மூளையை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தால் இது தப்பிப்போகும். "கண்ணையும் பாருங்கள்" என்று விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதினால் போதும். இருந்தால் நம்பலாம், இல்லாததை நம்ப முடியாது. லென்ஸில் கதிர் படக் கூடாதென்று ஸ்கேனைச் சாய்த்து எடுப்பதால் கண் பாதி வெட்டுப்பட்டிருப்பது சகஜம். இதற்காகவே மறுபடி சிடி எடுக்கக் கூடாது.

எந்த நோயாளிக்கு எது

மயங்கி விழுந்தவர், வலிப்பு வந்தவர், சேர்க்கும்போது ஜிசிஎஸ் (நினைவு நிலையின் மதிப்பெண்) குறைந்தவர், மூளை உறைக்கு அடியிலான கசிவின் தீவிரத்தை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கும் ஹண்ட்-ஹெஸ் அளவில் 3 அல்லது அதற்கு மேல் உள்ளவர். டெர்சன் இருக்க வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள் இவர்கள். இவர்களுக்கு முதல் 3 நாளுக்குள் சொட்டு இல்லாமல் அல்ட்ராசவுண்ட். முதல் சிடியில் கண்ணையும் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பார்த்துச் சுத்தம் என்றால் முடிந்துவிடாது. முதல் நாள் விழித்திரையோடு ஒட்டியிருந்த இரத்தம் பிறகு விட்ரியஸுக்குள் உடைந்து வரலாம், அனியூரிசம் மறுபடி கசியலாம். அதனால் இரண்டாம் வார முடிவிலோ, வார்டுக்கு மாற்றும் முன்போ இன்னொரு முறை. மறுகசிவோ திடீர் அழுத்த உயர்வோ நடந்தால் அன்றே.

விழிப்போடு இருக்கும் நோயாளிக்கு முறை மாறுகிறது. இவரிடம் கேட்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரல் எண்ணச் சொல்லுங்கள், மறு கண்ணுக்கும் அப்படியே. படிப்பவராக இருந்தால் செய்தித்தாளை நீட்டுங்கள். இரண்டு கண்ணும் திறந்து சோதித்தால் ஒரு கண் மொத்தமாகப் போயிருந்தாலும் தெரியாது. பாவை பெரிதாக இருப்பதால் கேமரா இவர்களுக்கு நன்றாக அமையும்.

எந்தக் கருவியில் இரத்தம் தெரிந்தாலும், அல்லது எல்லாம் சுத்தமாக இருந்தும் பார்வை இல்லை என்றால், கண் மருத்துவர் விரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது வகையை மறந்துவிடக் கூடாது. மூளையின் பின்பகுதியில் கசிந்தவருக்கு ஒரு பக்கப் பார்வை முழுவதும் போயிருக்கும். கண்ணின் படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். மூன்றாம் நரம்பு செயலிழந்தால் இமை தொங்கி, இரண்டிரண்டாகத் தெரியும். கண்ணைப் படமெடுக்கும் எந்தக் கருவிக்கும் இவை தெரியாது. எதிரே அமர்ந்து, விரலை நான்கு மூலைகளிலும் காட்டி, எங்கே தெரிகிறது என்று கேட்கும் பழைய முறைதான் வேண்டும்.

குறைந்த செலவில் தொடங்கும் பிரிவுக்கு எங்கள் பரிந்துரை: இருக்கும் அல்ட்ராசவுண்டில் கண் அமைப்பு, இரண்டு நர்ஸுக்கும் இரண்டு டாக்டருக்கும் பயிற்சி, ஒரு கண் மருத்துவரோடு வீடியோ அனுப்பும் ஏற்பாடு. பணம் சேரும்போது கேமரா. ஓசிடிக்கு ஐசியு பணத்தைச் செலவிட வேண்டாம். குழந்தைகள் பிரிவில் குறைமாதக் குழந்தைகளுக்கான தொடு கேமரா இருந்தால் அதைப் பெரியவர்களுக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். கருவிழியைத் தொட்டு, விரித்துத்தான் எடுக்க வேண்டும். சின்னக் கண்ணுக்காகவே செய்யப்பட்டது.

கண்டுபிடித்த பிறகு

இரத்தம் இருக்கிறது என்றதும் ஆபரேஷன் இல்லை. பெரும்பாலானோருக்குக் காத்திருக்கலாம், தானே கரையும். மூன்று மாதம் அளவுக்குப் பொறுத்தும் விலகவில்லை என்றால் விட்ரெக்டமி, அதாவது இரத்தம் கலந்த ஜெல்லியை எடுத்துவிடும் ஆபரேஷன். இரண்டு கண்ணும் மறைந்து மறுவாழ்வுப் பயிற்சியே நடக்காதவர், விழித்திரை பிரிந்தவர், மறு கண்ணே இல்லாதவர், இவர்களுக்கு முன்கூட்டியே யோசிக்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குக் காத்திருப்பதே ஆபத்து; மறைந்த கண்ணை மூளை பயன்படுத்தாமல் விட்டுவிட்டால் பிறகு இரத்தத்தை அகற்றினாலும் பார்வை முழுதாக வராது. நடுப்பார்வைக்கு முன்னால் தேங்கிய இரத்தத்தைச் சவ்வில் லேசரால் ஒரு துளை போட்டு வடிய விடும் முறையும் உண்டு. அதற்கு நோயாளி கருவி முன் நிமிர்ந்து உட்கார வேண்டும், இரத்தம் இறுகுவதற்குள் முதல் சில வாரங்களில் செய்ய வேண்டும். ஐசியு நோயாளிக்கு இரண்டும் ஒன்றாக அமைவது அரிது.

காத்திருக்கும் காலத்தில்தான் நோயாளிகள் கைநழுவிப் போகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அனியூரிசம், காயில், மாத்திரை எல்லாம் இருக்கும்; கண் இருக்காது. அதனால் சம்மரியின் முதல் பக்கத்திலேயே இவ்வளவையும் எழுதுங்கள்: எந்தக் கண்ணில், எந்த இடத்தில் இரத்தம், எந்தக் கருவியால் எந்தத் தேதியில் பார்த்தது, அடுத்த கண் பரிசோதனை எந்த நாள், எங்கே. ஸ்கேன் வீடியோவைப் பென்டிரைவில் வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைந்தாலோ, மின்னல் போல வெளிச்சம் தெரிந்தாலோ, கண் சிவந்து வலித்தாலோ குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் வரச் சொல்லுங்கள். அதுவரை பார்வை தெரியாத கண் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காராமல், தெரியும் பக்கத்திலிருந்தே பேசி, சோற்றுத் தட்டைத் தெரியும் பக்கத்தில் வைக்கும்படி வீட்டாருக்குச் சொல்லி அனுப்புங்கள்.